கடித்ததா, கொட்டியதா? பூச்சிக்கடிக்கு வீட்டில் என்ன செய்வது

வயலோரத்தில் புதிதாக வீடு கட்டி வந்தவர்கள், அடுக்ககத்தை விட்டுத் தோட்டமுள்ள வாடகை வீட்டுக்கு மாறியவர்கள், எல்லோருக்கும் முதல் மழைக்காலத்தில் இது நடக்கும். ராத்திரி பாத்ரூம் போகும்போது காலில் சுருக்கென்று ஏதோ பட்டிருக்கும். காய்ந்த துணியை எடுக்கப் போன கையில் குளவி கொட்டியிருக்கும். உடனே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். எங்கள் தெருதான் ஊரின் கடைசித் தெரு, அதற்கப்புறம் நெல் வயல். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டுக் கதவு இதற்காக எத்தனையோ தடவை தட்டப்பட்டிருக்கிறது.

யார் வந்தாலும் எங்கள் அப்பாயி கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். "கடிச்சதா, கொட்டினதா?"

இந்த இரண்டு சொற்களைப் பிரித்துப் பேசப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். தேள், தேனீ, குளவி, கதண்டு என்கிற பெரிய குளவி இவை கொட்டும். கொடுக்கு வால் பக்கம் இருக்கிறது, பட்ட அந்த நொடியே வலி உச்சத்துக்குப் போகும். பூரான், சிலந்தி, கொசு, மூட்டைப்பூச்சி, உண்ணி இவை கடிக்கும். பூரான் கடித்தால் கத்திவிடுவீர்கள். உண்ணி கடித்தது மூன்று நாள் கழித்துக்கூடத் தெரியாது. கம்பளிப்பூச்சி கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. அதன் சுணை தோலில் குத்தி நிற்கும், அவ்வளவுதான். எது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும். தெரியாத கடிதான் கவலைக்குரியது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரம்

எதுவாக இருந்தாலும் முதலில் இடத்தை விட்டு விலகுங்கள். தேனீ கொட்டியிருந்தால் இது மிக முக்கியம். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ வாசனை போல ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களைக் கூப்பிடும் வாசனை அது. நின்று கையை வீசினால் கூட்டமே வந்துவிடும். முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடிக் கதவைச் சாத்துங்கள். குளத்தில் குதித்து ஒளிவதெல்லாம் வேண்டாம், தலை வெளியே வரும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்புறம் மணியைப் பாருங்கள். எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளிலோ செல்போனிலோ குறித்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பதற்றத்தில் "இப்பத்தான், ஒரு கால் மணி நேரம் இருக்கும்" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள், உண்மையில் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

கொட்டியது தேனீ என்றால் கொடுக்கு உள்ளேயே நிற்கும். நன்றாக உற்றுப் பாருங்கள், ஒரு கறுப்பு முள்ளும் அதன் தலையில் சின்ன வெள்ளைப் பையும் தெரியும். தேனீ போன பிறகும் அந்தப் பை தானாகச் சுருங்கிச் சுருங்கி விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். ஏடிஎம் அட்டையால் வழித்து எடுக்க வேண்டும், நகத்தால் கிள்ளக்கூடாது என்று பலர் சொல்வார்கள். எப்படி எடுக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்கள் என்பதே முக்கியம். அட்டையைத் தேடிப் பர்ஸைத் துழாவும் நேரத்தில் நகத்தாலேயே எடுத்துவிடுங்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுவிட்டுப் போவதில்லை. அதனால் அங்கே தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே குளவி நாலு தடவைகூடக் கொட்டும்.

பிறகு சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கையிலோ காலிலோ என்றால் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள், அப்புறம் மோதிரத்தை வெட்டி எடுக்க நேரிடும்.

அடுத்தது ஐஸ். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், பத்து நிமிடம் எடுங்கள், மறுபடி வையுங்கள். நேராகத் தோலில் வைத்தால் குளிரே புண்ணாக்கிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். என் அனுபவத்தில் வீட்டு வைத்தியத்திலேயே சிறந்தது இதுதான். வலியும் குறையும், வீக்கமும் மட்டுப்படும், எந்தக் கெடுதலும் இல்லை.

இதையெல்லாம் செய்துகொண்டே அரை மணி நேரம் ஆளை விட்டு நகராமல் உட்கார்ந்திருங்கள். கொட்டிய இடத்தைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். உதடோ நாக்கோ தடிக்கிறதா, குரல் கம்முகிறதா, மூச்சு இழுக்கிறதா, கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமில்லாமல் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வருகிறதா, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் 108. அது கடுமையான ஒவ்வாமை, நிமிடக் கணக்கில் முற்றும். ஆளைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வையுங்கள். எழுப்பி நடக்க வைக்கவே கூடாது. இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அந்த வேலையைச் செய்யாது, அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கைவைத்தியம் எதுவும் இந்த நேரத்துக்கு உதவாது. ஒரே ஒரு தேனீ போதும், இது யாருக்கும் வரலாம். முன்பு கொட்டி ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக இப்போதும் ஆகாது என்று சொல்ல முடியாது.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தாலும், தேன்கூடு கலைந்து பத்துக் கொட்டுக்கு மேல் வாங்கியிருந்தாலும் அறிகுறிக்காகக் காத்திராமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்குக் கதண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்னையிலோ பனையிலோ கூடு தெரிந்தால் நீங்களாகத் தீப்பந்தம் பிடிக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மேலே எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது

என் மகனுக்கு நாலு வயதில் கன்னத்தில் தேனீ கொட்டியது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்து அப்பிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், நானும் தடுக்கவில்லை. தேனீ கொட்டிய வீக்கம் மறுநாள் சாயங்காலம் வடிந்துவிட்டது. சுண்ணாம்பு பட்ட இடம் வெந்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பொருக்குத் தட்டி, அது உதிர்ந்து பழைய நிறம் திரும்ப நாலு மாதம் ஆயிற்று.

விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றையொன்று முறித்துவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனால் தேனீ விஷத்தில் ஏறக்குறைய பாதி மெலிட்டின் என்ற புரதத் துணுக்கு. அதை அமிலம், காரம் என்ற கணக்கில் அடக்க முடியாது. அதுவுமில்லாமல் கொடுக்கு விஷத்தைத் தோலுக்கு அடியில் இறக்குகிறது. நாம் பூசுவது மேல்தோலோடு நின்றுவிடுகிறது. மேலே எதைப் பூசினாலும் உள்ளே போன விஷத்தை எடுக்க முடியாது. வலியையும் அரிப்பையும் தணிக்கலாம். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பூசினால் கைவைத்தியம் நல்ல துணை.

கலமைன் லோஷன் அரிப்புக்கு நல்லது. கற்றாழைச் சோற்றை மஞ்சள் பால் போகக் கழுவி, குளிர வைத்துத் தடவினால் காந்தல் அடங்கும். துளசி, வேப்பிலை, குப்பைமேனி அரைத்துப் பூசுவதில் தோல் உடையாதவரை பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இலையை நன்றாகக் கழுவி, சுத்தமான அம்மியில் அரைக்க வேண்டும். குப்பைமேனியைப் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாறு பிழிந்து குடிக்க வேண்டாம். பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களை உடைத்துவிடும், இலங்கையில் அப்படி நடந்தது பதிவாகியிருக்கிறது. சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பது சிலருக்குச் சுகமாக இருக்கிறது, சிலருக்கு எரிகிறது. எரிந்தால் விட்டுவிடுங்கள்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பற்பசை, தீக்குச்சி மருந்து, சூடு போடுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

அரிப்பு தாங்கவில்லை என்றால் செட்ரிசின் மாதிரி மாத்திரையை வயதுக்கேற்ற அளவு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம், தூக்கம் வரும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இரண்டாம் நாள் வீக்கம் முதல் நாளைவிடப் பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கொட்டுக்கு அது இயல்புதான், நாற்பத்தெட்டு மணி நேரம் வரை ஏறிப் பிறகு வடியும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். சொறிந்து புண்ணாக்கியதால்தான் பெரும்பாலும் அந்த நிலை வருகிறது. குழந்தைகளுக்கு நகம் வெட்டிவிடுங்கள்.

தேள்

வீட்டில் அடிக்கடி தென்படும் பெரிய கறுப்புத் தேள், நட்டுவாக்காலி, பார்க்கத்தான் பயங்கரம். இடுக்கி போன்ற முன்கைகள் தடித்திருக்கும். கொட்டினால் கடுகடுவென்று வலிக்கும், அநேகமாக அதோடு முடியும். உண்மையில் பயப்பட வேண்டியது செந்தேளுக்கு. உருவம் சின்னது, பழுப்பும் சிவப்புமாக இருக்கும், முன்கைகள் மெலிந்து வால் தடித்திருக்கும். செங்கல் அடுக்கு, ஓட்டுச் சந்து, விறகுக்கட்டு இவற்றில் ஒளிந்திருக்கும். கட்டட வேலை நடந்த வீட்டில் மீந்த செங்கல்லைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தால் அதை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும். கொட்டிய இடத்தில் வலி இருக்கும்போதே உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும், கை கால் சில்லிட்டுப் போகும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். பிறகு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். ஒரு காலத்தில் இப்படிப் போன குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இல்லாமல் இருந்தது. மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பார்த்து உயிர்களை மீட்டார். இன்று அது எல்லா இடத்திலும் நடைமுறையில் இருக்கும் சிகிச்சை. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மாத்திரைதானே என்று வீட்டில் வாங்கிக் கொடுத்துவிட முடியாது, ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ஆனால் நேரத்தோடு போனால் காப்பாற்ற முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழந்தையைத் தேள் கொட்டினால், எந்தத் தேளாக இருந்தாலும், வீட்டில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். பெரியவர்கள் ஐஸும் பாரசிட்டமாலுமாகக் கவனித்திருக்கலாம், வியர்வையோ வாந்தியோ தொடங்கினால் உடனே கிளம்ப வேண்டும். வலி மட்டும் தாங்க முடியவில்லை என்றாலும் போகலாம், மரத்துப்போகும் ஊசியை அந்த இடத்தில் போட்டால் நிம்மதி கிடைக்கும். தேளை அடித்துப் பொட்டலம் கட்டி எடுத்துப் போக வேண்டியதில்லை. முடிந்தால் தள்ளி நின்று ஒரு போட்டோ எடுங்கள்.

மற்றவை

பூரான் கடித்தால் ஐஸ், அல்லது பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம். இரண்டில் எது இதமோ அது. சூட்டை முதலில் உங்கள் முழங்கையில் பட வைத்துப் பாருங்கள், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது.

முருங்கை மரம் வைத்திருப்பவர்களுக்குக் கம்பளிப்பூச்சி தெரிந்திருக்கும். மழைக்குப் பிறகு அடிமரத்தில் போர்வை போர்த்தியது போல மொய்த்திருக்கும். மேலே விழுந்தால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே இறங்கும். குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு, செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரியுங்கள், சுணை டேப்போடு வரும். நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு. பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக் கலமைன். போட்டிருந்த துணியை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

சிலந்தியைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, சில சமயம் வயிற்றுக்கடியில் வெள்ளைத் தட்டு போல முட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு ஓடும். அது கரப்பான் பிடித்துத் தின்கிற வீட்டுச் சிலந்தி. கையில் நசுக்கிப் பிடித்தாலொழியக் கடிக்காது, கடித்தாலும் சோப்புத் தண்ணீரும் ஐஸும் போதும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் எஸ்டேட்களில் குடியிருப்பவர்கள் மட்டும் மரப்பொந்தில் இருக்கும் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தியிடம் கவனமாக இருங்கள். அது கடித்தால் சதைப்பிடிப்பு நாள் கணக்கில் இருக்கும், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது" என்று என்னிடம் வந்து காட்டியவற்றில் பெரும்பாலானவை சிலந்திக் கடியே இல்லை. முக்கியமாக மூன்றைப் பிரித்தறியப் பழகுங்கள்.

ஒன்று, காலையில் எழுந்து பார்த்தால் கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ கோடு இழுத்தது போலச் சிவந்து எரிவது, பிறகு கொப்புளம் போடுவது. இது ஒரு வண்டு. எறும்பைவிடச் சற்றுப் பெரியது, மெலிந்தது, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். நெல் வயலிலிருந்து டியூப் லைட்டுக்கு வரும். அது கடிப்பதில்லை, நாம் தூக்கக் கலக்கத்தில் நசுக்கும்போது அதன் உடம்புச் சாறு தோலை வேக வைத்துவிடுகிறது. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். அறுப்புக் காலத்தில் படுக்கை அறை விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுவது நல்லது.

இரண்டு, அக்கி. உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடம் எரியும். ஊரில் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதுவார்கள். எழுதிக்கொள்ள ஆசைப்பட்டால் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன். வயதானவர்களுக்குத் தாமதமானால் வலி மாதக்கணக்கில் நிற்கும். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே போங்கள்.

மூன்று, வலியில்லாத கறுப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்டது போல. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடங்களில் இருக்கும். கூடவே விடாத காய்ச்சலும் தலைவலியும். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லும் ஸ்க்ரப் டைபஸ் இது. கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் குஞ்சு கடித்து வருவது, புதர்க்காட்டில் வேலை செய்பவர்களுக்கு அதிகம். டாக்சிசைக்ளின் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் விடும், கவனிக்காமல் விட்டால் உறுப்புகள் பாதிக்கும். டாக்டரிடம் அந்தப் பொருக்கைக் கூச்சப்படாமல் காட்டுங்கள். அதைப் பார்த்துத்தான் அவரால் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்.

எதென்று தெரியாத கடி

தரையில் பாய் போட்டுப் படுத்தவர் நடு ராத்திரி ஏதோ கடித்தது போல இருந்தது என்று எழுந்து, ஒன்றும் தெரியாமல் மறுபடி படுத்துவிடுவார். எறும்பு என்று நினைத்துக்கொள்வார். கட்டுவிரியன் பாம்பு கடித்தால் இப்படித்தான் இருக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடப் பல சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார். பிறகு கண் இமை மேலே தூக்க முடியாமல் தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், மூச்சு நிற்கும்.

ராத்திரி தெரியாத கடி என்றால் விளக்கைப் போட்டுப் பாயை உதறிப் பாருங்கள். எறும்போ பூரானோ கண்ணில் பட்டால் சரி. எதுவும் தெரியவில்லை என்றால், வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்காணிப்பில் இருங்கள். இமை தொங்கினால் ஒரு நிமிடமும் யோசிக்கக் கூடாது. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் அந்த மருந்து பெருமளவு தயாராகிறது.

வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்லி, காரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வேப்பிலை கசக்கிறதா என்று கேட்பார்கள். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்ற ஊரில் மிளகின் மேல் நம்பிக்கை இருப்பது புரிகிறது. ஆனால் கட்டுவிரியன் கடித்தவருக்கும் மிளகு காரமாகத்தான் இருக்கும். இமையும் மூச்சும் பிறகுதான் படுக்கும். மந்திரிக்க, விபூதி போட ஆசைப்பட்டால் வண்டி ஆஸ்பத்திரியை நோக்கி ஓடும்போதே செய்யுங்கள். ஆளுக்குத் தைரியம் வரும், நேரமும் வீணாகாது.

கட்டில் இல்லாவிட்டாலும் கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் பாம்பு, தேள், கொசு மூன்றுக்கும் அதுவே காவல். இன்னொரு பொருளும் வாங்கி வையுங்கள், புற ஊதா டார்ச். கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, அதே ஊதா வெளிச்சம். இருட்டில் அதை அடித்தால் தேள் பச்சை நீலமாக மின்னும். முதல் நாள் கொல்லையில் அடித்துப் பார்த்தபோது துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து மூன்று மின்னின. கண்ணில் நேராக அடிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் சோப்பு, கலமைன், செல்லோ டேப், சின்ன இடுக்கி, பாரசிட்டமால், செட்ரிசின், சுத்தமான பருத்தித் துணி. மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 108, பக்கத்தில் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் அரசு ஆஸ்பத்திரியின் எண், ராத்திரியில் கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் எண், வீட்டில் யார் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட வருடம். குடிவந்த வாரத்திலேயே அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய், பாம்புக்கடிக்கும் தேள்கடிக்கும் ராத்திரி டாக்டர் இருப்பாரா, மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று நேரில் கேட்டு அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.